வெள்ளைத் தாளில் ஒரு திறப்பு விழா

மறப்போம், மன்னிப்போம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் எழுதியதை யாரும் திருடியிருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாணவர் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன். மடுல்கெல்லயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவ வலி வந்தால், கொழுந்து ஏற்றும் லொறியில்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போனார். பாதி வழியில் லொறியிலேயே தம்பி பிறந்தான், லொறியிலேயே செத்தும் போனான். ஒன்பது வயதில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அதில் இருந்தேன். அதைத்தான் எழுதினேன்.

சஞ்சிகையின் ஆசிரியர் எனக்கு ஒரு வருடம் மூத்த மாணவர், கம்பளைக் கடைக்காரர் ஒருவரின் மகன். "பேரு போட்டா தோட்டத்துல உங்க அப்பாவுக்குத்தான் கரைச்சல் தங்கச்சி. பேரில்லாமப் போடுவோம்" என்றார். நம்பினேன். இதழ் வந்தபோது கட்டுரைக்கு மேலே அவருடைய பெயர் இருந்தது. 'என் அம்மா' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'ஒரு தாய்' ஆகியிருந்தது. மற்றபடி ஒரு கால்புள்ளியைக் கூட அவர் தொடவில்லை. போய்க் கேட்டேன். "அச்சகத்துல நடந்த பிழை" என்று சிரித்தார்.

அந்தக் கட்டுரையைக் காட்டிக் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் நானும் அங்கே விண்ணப்பித்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கண்டியில் ஒரு ஹோட்டலில் மக்கள் தொடர்பு வேலை கிடைத்தது. சஞ்சிகையில் பழகியதெல்லாம் அங்கே கைகொடுத்தது. எதைச் செய்தியின் முதல் வரியில் வைப்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. முதலாளியின் உரை, மனேஜரின் வாழ்த்துச் செய்தி எல்லாம் நான்தான் எழுதினேன். கீழே அவர்கள் பெயர் வரும். இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஏழெட்டு வருடம் கழித்து, கட்டுரையைத் திருடிய அந்த மனிதர் தொலைபேசியில் வந்தார். பத்திரிகையில் வாரம் ஒருமுறை வரும் மலையகப் பக்கத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பாம். "ஹோட்டல் செய்தியெல்லாம் எனக்கு முன்கூட்டியே அனுப்புங்க தங்கச்சி. ஹோட்டல் பேரு அடிச்ச தாள் வேணாம், சும்மா வெள்ளைத் தாள்ல டைப் பண்ணுங்க." ஏன் என்று முதல் செய்தி வெளிவந்த அன்றே புரிந்தது. நான் எழுதியது, அவர் பெயரில். ஹோட்டல் செய்தி வந்தாக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் அனுப்பினேன்.

பிறகு எங்கள் ஹோட்டலில் புதிய மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. அவருடைய பக்கம் திங்கட்கிழமை வரும், ஆனால் சனிக்கிழமையே முடித்துவிடுவார். ஆகவே வழக்கம்போல் நடந்து முடிந்த விழாவாகவே எழுதி, புதன்கிழமை தபாலில் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பிரதம விருந்தினருக்குச் சுகமில்லை என்று தகவல் வந்து, விழா தள்ளிப்போனது. மற்றப் பத்திரிகைகளுக்கெல்லாம் நானே தொலைபேசியில் சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை அவருடைய பக்கத்தில் பிரதம விருந்தினர் குத்துவிளக்கேற்றியிருந்தார், மக்கள் வெள்ளம் திரண்டிருந்தது, நேரில் கண்டவராக அவருடைய பெயர் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் அவர் தொலைபேசியில் வந்தார்.

"பிரதம ஆசிரியர் என்னைய வீட்டுக்கு அனுப்பப் பார்க்குறாரு தங்கச்சி. அது நீங்க எழுதினதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நீங்க எழுதினது. இத்தனை வருடம் அவர் வாயிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு மனம் இளகியது.

"சொல்றேன் அண்ணே. அந்த லொறிக் கட்டுரை யாரு எழுதினதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

"எந்த லொறி?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். ரிசீவரை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பத்திரிகையின் பிரதம ஆசிரியரே பேசினார். திறப்பு விழாச் செய்தியை ஹோட்டலில் இருந்து அனுப்பினீர்களா என்று கேட்டார்.

"இல்லையே ஐயா. நடக்காத விழாவுக்கு நாங்க எப்படிச் செய்தி அனுப்புவோம்?" என்றேன்.