தேவி அக்காவின் இரண்டாவது ஆஃபர் லெட்டர்

தேவி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். டெங்கி.

வியாழக்கிழமை லேசான காய்ச்சல் என்று எம்சி லீவு எடுத்தவர். திங்கள் வந்துவிடுவேன் என்றுதான் எனக்கு மெசேஜ் போட்டிருந்தார்... அந்த மெசேஜுக்கு நான் இன்னும் பதில்கூடப் போடவில்லை.

நான் முகநூலில் எதுவும் எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் போடுவதற்கு லைக் போடுவதோடு சரி.

தெரியாதவர்களுக்கு... பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிரிண்டிங் கடையில், கவுண்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பாரே, யார் வந்தாலும் "வாங்க பாஸ், கலரா பிளாக்கா?" என்று கேட்பாரே, அவர்தான். இருபத்தாறு வயது. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். கடையில் சேர்ந்த முதல் மாதம் யாரிடமும் பேசவில்லை. நம் கடையிலேயே சத்தம் போடாத மெஷின் இவள்தான் என்று அக்கா முதலாளியிடம் சொன்னார். அன்றிலிருந்து என் பெயர் மெஷின்.

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறையப் பேர் சர்டிபிகேட் ஸ்கேன் பண்ண எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்கள் பேப்பரைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. டிப்ளோமா ஏற்கெனவே இருந்தது. நியூசிலாந்தில் உணவு அறிவியல் டிகிரி படிக்கப் போவதாக முடிவு செய்தார்.

இங்கிலீஷ் டெஸ்டுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பழகுவார். எதிரே எக்ஸாமினராக என்னை உட்கார வைப்பார். எனக்கு இங்கிலீஷே சரியாக வராதே அக்கா என்றேன்.

"நீ பேசவே வேணாம். மூஞ்ச உர்ருன்னு வச்சுக்கிட்டு மணிய மட்டும் பாரு. எக்ஸாமினருங்க அப்படித்தான் இருப்பாங்களாம் லா."

இரண்டு நிமிடம் ஆனதும் "ஸ்டாப்" என்று சொல்வதுதான் என் வேலை. அதையும் மெதுவாகத்தான் சொல்வேன். அவர் காதில் விழாது, பேசிக்கொண்டே போவார்...

ஆன்லைனில் விண்ணப்பம் போட்ட அன்று கடையில் நல்ல கூட்டம். கவுண்டரிலிருந்து அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பெயருக்கு இரண்டு கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? தமிழ்ப்பள்ளியில் மு. தேவி என்றுதானே எழுதுவோம், அப்பா பெயர் முன்னால். நானும் அப்படியே முதல் கட்டத்தில் முனுசாமி என்று போட்டேன், கடைசிக் கட்டத்தில் தேவி. ஐசி அடையாள அட்டையில் இரண்டு பெயருக்கும் நடுவில் 'மகள்' என்பதற்கு வரும் ஏ/பி-யை அந்த ஃபார்ம் ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவில் கூப்பிட எனக்கு வெட்கம்.

இரண்டு மாதம் கழித்து ஆஃபர் லெட்டர் வந்தது. "டியர் முனுசாமி, வாழ்த்துகள்" என்று இருந்தது.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்கிரீனைப் படித்தார். பிறகு கவுண்டரில் தலை வைத்துச் சிரித்தார்.

"எங்கப்பா செத்து ஒம்போது வருஷம் ஆச்சு. இப்பதான் மனுஷனுக்கு யுனிவர்சிட்டி சீட்டு கெடைச்சிருக்கு."

கடைக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் லெட்டர் இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது என்று யுனிவர்சிட்டியில் சொல்லிவிட்டார்கள். சத்தியப் பிரமாணம், ஸ்கேன், மெயில், மறுபடி மெயில்... அதற்குள் பிப்ரவரி இன்டேக்கில் சேரும் நாள் போய்விட்டது. ஜூலைக்கு மாற்றிப் புது லெட்டர் அனுப்புகிறோம் என்றார்கள்.

நான் பின்னால் பேப்பர் கட்டுகள் அடுக்கும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"ஏய் மெஷின். பிப்ரவரி போனா ஜூலை லா. இனிமே யாரு பேரா இருந்தாலும் மூணு வாட்டி படி. சந்தேகமா இருந்தா சத்தமா கூப்புடு, நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

பிப்ரவரியில் போயிருந்தால் அக்கா இப்போது...

எழுத வரவில்லை.

இன்று காலை முதலாளி போன் செய்து விஷயத்தைச் சொன்னார். இரங்கல் நோட்டீஸை நீயே அடித்துக் கொண்டு வந்துவிடும்மா என்றார். படத்துக்காக அக்காவின் மெயிலைத் தேடினேன். அது கடைக் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்தே இருக்கும்.

மேலே புதிதாக ஒரு மெயில், யுனிவர்சிட்டியிலிருந்து. விடியற்காலையில் வந்திருக்கிறது.

"டியர் தேவி" என்று இருந்தது.

ஒருவர் ஐசி காப்பி எடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நோட்டீஸ், லெட்டர் இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன். தேவி ஏ/பி முனுசாமி. முனுசாமியின் மகள் தேவி. இரண்டிலும் பெயரை மூன்று முறை படித்தேன்.

கிள்ளானில் அக்கா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்காவின் அம்மா என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். மூன்று மாதமாக அவர் கடைக்குப் போன் செய்யும்போதெல்லாம் கேட்கும் ஒரே கேள்வியைத்தான் இன்றும் கேட்டார்.

"பேரு சரியா வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சு ஆன்டி."

சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆன்டி அந்த லெட்டரை வாங்கி, அக்காவின் கைக்குக் கீழே வைத்தார்.

நாளை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். கடை திறக்காது.

போய்ட்டு வாங்க அக்கா.

உங்க மெஷின்