தூக்குச்சட்டி திரும்பி வரட்டும்

ஜரீனா பரோட்டாவை உடனே தின்னமாட்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, சூடு இறங்கும்வரை விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பிறகு நடுவில் பிய்த்து, மொறுமொறுப்பு அதிகமுள்ள பாதியைத் தட்டின் மறுபக்கம் தள்ளிவைப்பார். தன் பாதி முடிந்து, இஞ்சித் தேநீரும் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் கை போகும். அதற்குள் அது ஆறி விறைத்துப் போயிருக்கும். தெக்கா சந்தையில் அந்தக் கடைக்காரர் சனிக்கிழமைதோறும் இதைப் பார்க்கிறார்.

அந்தப் பாதி கமலாவுடையது.

இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கமலா ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மருமகளாகப் போய், கணவர் இறந்த பிறகு அதன் முதலாளியும் ஆனார். ஜரீனா பாசிர் ரிஸ் வீட்டுச் சமையலறையில் பரோட்டா போட்டு உறைய வைத்து விற்க ஆரம்பித்து, காக்கி புக்கிட்டில் சின்னத் தொழிற்சாலை வரைக்கும் வந்தார். எது வந்தாலும் போனாலும் சனிக்கிழமைக் காலை தெக்காவில் ஒரு பரோட்டா, இரண்டு பேர்.

கொரோனாவுக்குப் பிறகு வங்கி கையை விரித்தபோது, "எங்க கம்பெனி குடுக்கும்" என்று சொன்னது கமலாதான். கணக்கர் சொன்னபடி முறையாகவே செய்தார்கள். ஜரீனாவின் நிறுவனம் கடன் பத்திரம் வெளியிட்டது, கமலாவின் நிறுவனம் அதை வாங்கியது. இரண்டு வருடத்தில் வட்டியோடு திருப்ப வேண்டும், எந்த மாற்றமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். தவணை நெருங்கியபோது புதிய இயந்திரம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

"இப்ப குடுக்கணும்னா மெஷின வித்துத்தான் குடுக்கணும்டி."

"வித்துட்டு எதுல பரோட்டா போடுவ, உன் தலையிலயா? இன்னும் ரெண்டு வருஷம் எடுத்துக்கோ லா."

"எழுதிக்கலாமா?"

"நாப்பது வருஷமா உன் பரோட்டாவுல பாதி தின்னுட்டிருக்கேன். அதுக்கு எங்கடி அக்ரிமெண்ட்?"

அடுத்த வருடம் கமலாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கடைப் பொறுப்பு மகன் நிதீஷ் கைக்கு வந்தது. தவணை தாண்டிய கடன் பத்திரங்கள் அவன் கண்ணில் பட்டன. வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது, பிறகு வழக்கே வந்தது.

ஜரீனாவின் வழக்கறிஞர் ஷாஹித், மகன் வயதுப் பையன். "ஆன்ட்டி, அவங்ககிட்ட நேரா பேசாதீங்க. போன் வேணாம், வாட்ஸப் வேணாம். நீங்க ஒண்ணு சொல்ல, அவங்க அஃபிடவிட்ல வேற மாதிரி போடுவாங்க."

ஜரீனா கேட்டுக்கொண்டார். தெக்காவிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது மட்டும் ஜாலான் புசாரைச் சுற்றிக்கொண்டு, எதிர் நடைபாதையில் மெதுவாக நடப்பார். குழாய்களுக்கும் ஏணிகளுக்கும் நடுவே கமலாவின் நாற்காலி தெரியும். அதன்மேல் யாரோ பெயிண்ட் டப்பாவை வைத்திருப்பார்கள்.

நோன்பு பிறந்த முதல் வாரம், வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றி, தொழிற்சாலை வண்டியில் கமலாவின் கடைக்கு அனுப்பிவிட்டார். கஞ்சியெல்லாம் பேச்சில் சேருமா என்ன?

சேரும் என்று எதிர்த்தரப்பு கடிதம் எழுதியது. ஷாஹித் அதைப் படித்துக் காட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். "'உணவுப் பொருட்கள் உட்பட எல்லாத் தொடர்பும் இனி வழக்கறிஞர்கள் வழியாக மட்டுமே.' ஆன்ட்டி, அடுத்த தடவ கஞ்சிய என் ஆபீசுக்கு அனுப்புங்க. நான் படிச்சுப் பாத்து அனுப்புறேன்."

ஜரீனாவும் சிரித்தார். அவன் கடிதத்தை மடித்துவைத்தான்.

"எழுத்துல இல்லாட்டியும் தவணை தள்ளுனத நிரூபிக்கலாம். ஆனா அதுக்குச் சாட்சி ஒரே ஆளுதான். கமலா ஆன்ட்டி மகனுக்கு எதிரா கோர்ட்ல வந்து சொல்லணும். சொல்வாங்களா?"

ஜரீனா ஜன்னல் பக்கம் பார்த்தார். "தூக்குச்சட்டி திரும்பி வரட்டும். சொல்றேன்."

அவனுக்குப் புரிந்தது. கொண்டுவந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்புவதில்லை. வீட்டில் ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். கமலா வருடாவருடம் முறுக்கு போட்டு அனுப்புவார். அதில் உப்பு எப்போதும் தூக்கலாக இருக்கும்.

"கடல்ல முக்கி எடுத்தியாடி?" என்பார் ஜரீனா.

"உன் கஞ்சியில உப்பே இல்ல. ரெண்டையும் கூட்டிக் கழிச்சுக்கோ" என்பார் கமலா.

நோன்பு மாதம் முழுக்க ஜரீனா காத்திருந்தார். தொழிற்சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவார். பெருநாளும் போனது. ஒருநாள் ஷாஹித் அழைத்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு பை வந்திருக்கிறது என்றான்.

தூக்குச்சட்டி பளபளவென்று இருந்தது. ஜரீனா மூடியைத் திறந்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். எலுமிச்சைச் சோப்பு வாசனை மட்டும் வந்தது. மூடியைத் திரும்பப் போட்டு, கொக்கியை மாட்டி, சற்று நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

"பேசி முடிச்சிடுங்க தம்பி."

"ஒரு தடவ சாட்சிக்குக் கூப்பிட்டுப் பாக்கலாமே ஆன்ட்டி?"

"கூண்டுல நிக்க வச்சு, என் முன்னாடியே அவள இல்லைன்னு சொல்ல வைக்கவா? வேணாம்."

சமரசமாயிற்று. இயந்திரமும் பரோட்டாவின் பெயரும் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போயின. அந்தப் பணம் ஜாலான் புசாருக்குப் போனது. கையெழுத்துப் போடும் நாளில் கமலா வருவார் என்று ஜரீனா கமலாவுக்குப் பிடித்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். நிதீஷ் மட்டும் வந்திருந்தான். கண்டதும் பழக்கத்தில், "நல்லாருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று மேசையைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு முட்டி எப்படிப்பா?"

"நடக்கிறாங்க. கடைக்குத்தான் வர்றதில்ல. யாரோடயும் சரியா பேசறதில்ல."

பக்கத்திலிருந்த வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். நிதீஷ் பேனாவை எடுத்தான்.

இப்போது ஜரீனாவுக்குத் தொழிற்சாலை இல்லை. பாசிர் ரிஸ் சமையலறையிலேயே மறுபடி மாவு பிசைகிறார், தெரிந்தவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை தெக்கா உண்டு. தட்டின் மறுபக்கத்தில் பாதிப் பரோட்டா உண்டு. எதிர் நாற்காலியை யாராவது கேட்டால், "ஆள் வருது" என்கிறார்.

இதெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, ஒரு கல்யாண விருந்தில் ஷாஹித்தின் பக்கத்தில் அனுப்ரியா என்ற பெண் உட்கார்ந்தாள். வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தவள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தக் கஞ்சிக் கடிதத்துக்கு வந்து, இருவரும் சிரித்தார்கள். அப்போது அவள் சொன்னாள். தூக்குச்சட்டி அவர்களிடம் வந்தபோது மூடி நிற்காத அளவுக்கு முறுக்கு இருந்ததாம். கட்சிக்காரர் தரும் தின்பண்டத்தை எதிர்த்தரப்புக்கு அனுப்புவது அலுவலக விதிப்படி கூடாதாம். அதனால் முறுக்கைத் தேநீர் அறையில் கொட்டிவைத்துவிட்டு, பாத்திரத்தை அவளே கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் எல்லாரும் தின்று தீர்த்துவிட்டார்கள்.

உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றாள்.