குரோட்டன்ஸ் தொட்டியும் லிட்மஸ் தாளும்

எங்கள் உத்திரமேரூர் ஆபீஸ் அறைக்குள் வைத்திருக்கும் குரோட்டன்ஸ் செடி சில நாளாக வெளுத்துக்கொண்டு வருகிறது. நரம்பு மட்டும்தான் பச்சை.

தண்ணீர் ஊற்றும் முனியம்மா எதையோ கலக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார் ஹெட்கிளார்க். நாளை முதல் அவளுக்கு வேலை கிடையாதாம்.

"வெறும் கெணத்துத் தண்ணிதான் ஐயா ஊத்திக்கினு கீறேன்" என்றாள்.

எனக்கு இருவர் மேலும் நம்பிக்கையில்லை. தொட்டி மண்ணை மழைநீரில் கரைத்து, தெளிந்ததும் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலமாகிவிட்டது. மண்ணில் காரம்; அது மிஞ்சினால் இலை இப்படித்தான் வெளுக்கும். அவள் குடத்துத் தண்ணீரில் இன்னொரு தாளை நனைத்தேன், நிறம் மாறவில்லை.

அப்படியானால் காரம் எங்கிருந்து வந்தது?

"இன்னா தம்பி, செடிக்கு ஜுரம் பாக்குறியா?" என்றார் ஹெட்கிளார்க், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. தடவி முடித்து, மிச்சம் ஒட்டிய விரலைத் தன் நாற்காலிப் பக்கத்திலிருந்த தொட்டியின் உள்விளிம்பில் வழித்தார். அங்கே ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

"சார், விரலை நீட்டுங்க" என்று ஈரத் தாளை ஒற்றினேன். நீலம்.

"அதுக்கு இன்னாபா இப்போ?" என்றார். முனியம்மாவை நிறுத்தும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

தொட்டியை என் மேசையோரம் மாற்றிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அவர் மேசைக்காலில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு.

உங்கள் ஆபீஸ் செடிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் யார்?