தனி ஐபி வாங்கிய பிறகும்

திருவிடைமருதூர் பக்கம் சீரகச் சம்பா விளைவித்து விற்கும் செல்வி அக்காவுக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். இணையத்தில் சீரகச் சம்பா என்று தேடினால் அந்தத் தளம் நான்காம் பக்கத்தில்தான் வந்தது.

“ஐபி முகவரின்னா இணையத்துல நம்ம தளத்தோட கதவு எண் மாதிரி. அதே எண்ல குப்பைத் தளங்களும் இருக்குக்கா, அதான் நம்மளையும் பின்னால தள்ளுது” என்று அடித்துச் சொல்லி, தனி ஐபிக்கு மாற்றினேன். இரண்டு மாதமாகியும் தளம் நான்காம் பக்கத்தை விட்டு அசையவில்லை.

நேரில் போனேன். அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். போனில் தளத்தைத் தட்டி வரப்பில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

“இது வர்றதுக்குள்ள இந்த ஓரத்தை முடிச்சிடுவேன் தம்பி. அரிசி வாங்க வர்றவங்க காத்திருப்பாங்களா?”

நிஜமாகவே முடித்துவிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. மெதுவாகத் திறக்கும் தளத்தைத் தேடலும் பின்னால்தான் தள்ளும். கனமான படங்களையும், தளத்தை ஏற்றி வைத்த மந்தமான சர்வர் கணினியையும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தளங்களைத் திட்டியிருக்கிறேன்.

இரண்டையும் மாற்றினேன். தளம் மெல்ல முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் அதே வரப்பில் நின்று தட்டிப் பார்த்தேன். அக்கா குனிவதற்குள் திறந்துவிட்டது.