உட்கார ஓர் இடம்

"…உக்கார எடம் கெடைச்சாப் போதும் சார், மத்தத அதுங்களே பாத்துக்கும்!" என்று கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில், மெட்ராஸ் வண்டிக்குள், டிக்கெட் பரிசோதகரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார் ஒரு பட்லர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, முறுக்கிய மீசை. ரயிலில்கூட இடது கையில் மடித்த துண்டு! பக்கத்து இருக்கையில் நாற்றமடிக்கும் கோணி மூட்டை. துரைமார் விருந்தில் தின்று போட்ட சிப்பிகளின் ஓடுகளாம். பழவேற்காட்டு ஏரியில் கொட்டப் போகிறாராம்.

"குப்பையைத் திரும்பத் தண்ணியிலயா?" என்றேன், எதிர் இருக்கையில் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"குப்பை இல்ல சார், வீடு. குட்டிச் சிப்பி பழைய ஓட்டு மேலதான் உக்காந்து ஒட்டி வளரும். எங்க தொர ஊரு குளுருக் கடல்ல, சுண்ணாம்புக்குன்னு ஓடெல்லாம் வாரிட்டாங்க. சிப்பியே அத்துப்போச்சு. இப்போ ஓடு தேடித் தேடிக் கொட்றாங்களாம்."

"கதை நல்லாத்தான் இருக்குப்பா. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சீட்டுதான். மூட்டையக் கீழ எறக்கு," என்றார் பரிசோதகர்.

"மிதிச்சு நொறுக்கிடுவாங்களே சார்!"

"அப்போ உக்காரப்போறது நீயா, மூட்டையா?"

பட்லர் எழுந்தார். மூட்டையை ஜன்னலோரம் வசதியாகச் சாய்த்து வைத்தார். பிறகு விருந்தாளிக்குப் பரிமாறக் காத்திருப்பவர்போல, கையில் துண்டோடு, ஜோலார்பேட்டை தாண்டியும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.