அண்ணனை நல்லவனாக்கிய சினிமா

பெருவெள்ளம் வந்த வருஷம் சென்னையின் மேற்கு ஓரம் நூம்பலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கட்டிலின்மேல் நாற்காலிகளைப் போட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். காலை பத்து மணி இருக்கும். ஆவடியில் குடியிருந்த என் அண்ணன் ஒரு லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அம்மா அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குள் போனான். முந்தின மாதம் எங்களிடம் கொடுத்து வைத்திருந்த அவனுடைய காஸ் சிலிண்டர் அங்கே மிதந்துகொண்டிருந்தது. அதை இழுத்துவந்து டியூபின்மேல் வைத்துக் கட்டினான். டியூப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் கனம் வேண்டும் என்று அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தான். தங்கையான என்னைப் பின்னாலேயே நடந்து வரச் சொன்னான்.

அம்மா அப்படித்தான் பிழைத்தாள்.

அண்ணன் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டினான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சாவு வீட்டுக்குக் கடைசியில் வந்து முதல் பந்தியில் சாப்பிடுகிறவன், அவ்வளவுதான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருந்தேன். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் நட்டும் போல்ட்டும் வரைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதத்தில் அண்ணனை வரைய ஆரம்பித்தேன். அது ஒரு சித்திரக்கதையாக வளர்ந்தது.

கதையில் அவன் செத்துப் போயிருப்பான். பேயாக வந்தபிறகும் திருந்தமாட்டான். அவனுக்கு ஒரே ஒரு சக்தி உண்டு. உயிரோடிருந்தபோது எந்தெந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டானோ, அந்த இடத்துச் சுவர்கள் மட்டும் அவனுக்கு வழிவிடும். நிறைய இடங்களில் விரட்டப்பட்டவன் என்பதால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை தாராளமாக நுழைந்து வருவான். அடுத்தவர் டிபன் பாக்ஸைக் காலி செய்வான், கல்யாணப் பேச்சுகளைக் கலைப்பான். யாரையாவது காப்பாற்றினால் அது தற்செயலாகத்தான் இருக்கும். வெள்ளத்தையும் சிலிண்டரையும் நடந்தது நடந்தபடியே வரைந்திருந்தேன். மூன்று புத்தகங்கள் வந்தன. அண்ணன் ஒன்றையும் படிக்கவில்லை. பொம்மை போட்ட புத்தகம் குழந்தைகளுக்கு என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

பூந்தமல்லிக்காரரான ஓர் இளம் இயக்குநர் அதைப் படித்துவிட்டுத் தேடி வந்தார். பேய், சண்டை, இரண்டும் கலந்த படம் என்றார். இப்படி ஓர் அயோக்கியனைத் தமிழ் சினிமா கண்டதில்லை, அவனில் ஒரு மயிரிழையைக்கூட மாற்றப் போவதில்லை என்று சத்தியம் செய்தார். திரைக்கதை எழுத என்னையும் கூட உட்கார வைத்தார்.

முதல் வாரம் டிபன் பாக்ஸைத் திருடும் காட்சி போனது. பேயாக நடிக்கவிருந்தவருக்குத் திருட்டுச் சோறு சரிப்படாதாம். அடுத்த வாரம் கலைந்த கல்யாணங்கள் போயின. அதற்குப் பதிலாக, வரதட்சணை கேட்ட மாப்பிள்ளையை மட்டும் அடிப்பான் என்று எழுதினோம். விரட்டப்பட்ட இடம் என்ற கணக்கு ஜனங்களைக் குழப்பும் என்று எல்லாச் சுவர்களையும் திறந்துவிட்டார்கள். கண்ணில் தீ வந்தது, அவன் பறந்தான். பாடி மேம்பாலத்தின்மேல் நாற்பது பேரை அடித்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் மறுப்புச் சொன்னேன், பிறகு நானே உட்கார்ந்து எழுதியும் கொடுத்தேன். நாற்பது பேர் போதாது என்று ஒரு நாள் நானே சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளக் காட்சிக்கு மட்டும் பிடிவாதமாக நின்றேன். பெற்ற அம்மா தண்ணீரில் கிடக்கும்போது ஒரு மகன் ஏன் சிலிண்டரைத் தேடுகிறான் என்று இயக்குநர் கேட்டார். எங்கள் வீட்டில் நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்றேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

“உண்மைதான் மேடம். ஆனா நம்புற மாதிரி இல்லையே.”

சிலிண்டர் போனது. படத்தில் பேய் மகன் அழுதுகொண்டே வெள்ளத்தைப் பிளந்து வருகிறான், அம்மாவைத் தோளில் சுமந்துகொண்டு வானத்தில் எழுகிறான்.

படம் வெளிவந்த ஞாயிறு மதியம் அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்கு அம்மாவையும் அண்ணனையும் கூட்டிப் போனேன். கதை யாரைப் பற்றியது என்று அவனிடம் அதற்குமுன் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியேதாண்டி நடந்துச்சு” என்றாள். அவளும் அந்த டியூபில் இருந்தவள்தான்.

வண்டி எடுக்கப் போன இடத்தில் அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தினான். வழக்குப் போடுவான், குறைந்தது அடிக்கவாவது வருவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை. எதையோ தொலைத்தவன் மாதிரி நின்றான்.

“எல்லாம் சரி. என்னை இன்னாத்துக்கு சாவடிச்ச?”

உயிரோடு இருக்கிறவனை எழுதப் பயமாக இருந்தது, செத்தவனென்றால் கை தைரியமாக ஓடியது. அதை அங்கே நின்று சொல்ல முடியவில்லை. கதைக்காக, அண்ணே என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அம்மா விடவில்லை. அந்த மகன் என் மகன்தான் என்று நூம்பல் முழுக்கச் சொன்னாள், ஆவடியில் அவன் தெருவிலும் போய்ச் சொன்னாள். அப்போது ஆரம்பித்தது அண்ணனின் கஷ்டகாலம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். தண்ணீர் லாரிச் சண்டைக்கு மத்தியஸ்தம் பேசக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் கீழே விழுந்தபோது, யாராவது தூக்குவார்கள் என்று அண்ணனும் கூட்டத்தில் நின்றிருக்கிறான். கூட்டம் திரும்பி அவனைப் பார்த்திருக்கிறது. தூக்கிவிட்டான். போனில் என்னிடம் புலம்பினான்.

“ஒருத்தனையும் வாய்விட்டுத் திட்ட முடியல. படத்துல அழுதவன் தானேன்னு சிரிக்கிறானுங்க.”

கொஞ்ச நாளில் சரியாகிவிடும், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று தேற்றினேன். ஜனங்கள் மறந்தும் போனார்கள். அடுத்தடுத்துப் படங்கள் வந்துவிட்டன. ஆனால் அதற்குள் அவனுக்குப் பழகிவிட்டது. போன ஞாயிறு யாரும் சொல்லாமலே வந்து அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனான். நான்காவது புத்தகத்துக்கு ஆகும்படி பழைய மாதிரி ஏதாவது அயோக்கியத்தனம் செய்வான் என்று அன்று முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். நான்காவது புத்தகத்துக்கு வாங்கி வைத்திருந்த காகிதத்தில் அன்று இரவு மளிகைக் கணக்கு எழுதினேன்.