எஞ்சினுக்கு வைத்த சந்தனம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு சைதாப்பேட்டையில் சின்ன லேத்துப் பட்டறை. அடையாறில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ரயில் கிளப் நடத்தி வந்தார்கள். ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் மாமரத்தைச் சுற்றிக் குட்டித் தண்டவாளம் போட்டு, முழ நீளத்து எஞ்சின்களை ஓட்டுவார்கள். பேட்டரி பொம்மை இல்லை. தண்ணீர் ஊற்றி, கேஸ் பற்றவைத்து, நிஜமான நீராவியில் ஓடுகிற எஞ்சின். எல்லாரும் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் கடைந்து கொடுக்கப் போன என் கணவருக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் பாடுபட்டு, பித்தளையிலும் செம்பிலும் தானே ஒன்று செய்து முடித்தார். அதை ஓட்டிக் காட்டினால் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இனிமே லேத்துக்காரன் வந்துகிறான்னு வாசல்ல நிக்க வைக்க மாட்டாங்க பாரு" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எஞ்சினுக்கு மட்டும் கோயில் சந்தனத்தைத் தனியாகக் குழைத்தேன். அதன் உச்சியில் கோபுரக் கலசம் போல ஒன்று இருந்தது, மேலே நாலைந்து பொடி ஓட்டைகளோடு. அதில்தான் தாராளமாக அப்பினேன். "முருகா, இவர் உழைப்பை நீதான் காப்பாத்தணும்" என்று வேண்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர் வெளியே தெரிந்த சந்தனத்தையெல்லாம் துடைத்தார்; நான் கொஞ்சம் பூ மட்டும் சுற்றிவிட்டேன். பூஜைக்கு முன்பே ஓட்டிப் பார்த்திருந்ததால் வேறு எதையும் திறந்து பார்க்கவில்லை.

தோட்டத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர்களில் சாந்தோமிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் எங்களிடம் உரிமையாகப் பேசுவார். எஞ்சினில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மாப்பிள்ளையை ஜோடிச்சு இட்னு வந்துகிற!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

என் கணவர் கேஸ் பற்றவைத்தார். மீட்டரில் ஊசி ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் உச்சியில் வால்வு தூக்கி ஆவி தானாகச் சீறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீறவில்லை. ஊசி கோட்டைத் தாண்டியது. அவர் திகைத்து நின்றுவிட்டார்.

"வால்வு தூக்கலைய்யா!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் குனிந்து கேஸைத் திருகி அணைத்தார். அதே நொடி, தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்தது. கொதிக்கிற ஆவி வாத்தியாரின் வலது கையில் அடித்தது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சொன்னார்: "பட்டறையில கடைஞ்ச வால்வை நம்பி நெருப்பு வச்சா இதான் கதி."

என் கணவர் தலையைக் குனிந்தபடி, "என் வேலைதான் சார் சரியில்ல. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

மறுநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். உச்சிக் கலசத்தைக் கழற்றி ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தார். காகிதத்தில் மஞ்சளாகத் தூள் தூளாகக் கிடந்தது.

"இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்ல, அழுக்கு" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் குக்கர் மூடியின் ஓட்டையை ஊதிப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுகிறவள் நான். எனக்கா தெரியாது?

தெரிந்தும் சொல்லவில்லை. உறுப்பினர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முன்பு கொடுத்துக்கொண்டிருந்த வேலையும் நின்றுபோனது. அவருடைய கை வேலையைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அதுவரை யாரும் பேசியதில்லை. நான் ஒவ்வொரு சஷ்டிக்கும் விரதம் இருந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துத்தான் தைரியம் வந்து தனியாக சாந்தோமுக்குப் போனேன். வாத்தியார் மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்கள் சுருங்கி, பாதிதான் மடங்கின. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "குனிஞ்சப்பவே சந்தன வாசனை குப்புனு அடிச்சுது."

"அப்போ ஏன் சார் சொல்லலை?"

"உன் வீட்டுக்காரர் தன் மேல போட்டுக்கினாரு. அவரு மறைக்கிறதை நான் எப்படிப் போட்டு உடைக்கிறது?" கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வருவேன்னு நெனச்சேன். ஒரு வாரத்துல வருவேன்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் தோட்டத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு தோட்டத்துக்காரரே சைதாப்பேட்டைக்கு வந்து என் கணவரைக் கூப்பிட்டார், உறுப்பினராகவே வரச் சொல்லி. இவர் போகவில்லை. "தீக்குச்சியை எடுத்தா சார் கைதான் கண்ணு முன்னால நிக்குது" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எஞ்சினையும் அதன் பிறகு தொடவில்லை.

தெரியாமல் வைத்த சந்தனத்தை முருகன் மன்னித்திருப்பான் என்று நம்புகிறேன். தெரிந்தே ஐந்து மாதம் மூடியிருந்த என் வாயைப் பற்றி அவனிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.